எர்த் முனையில் டேப் சுற்றுவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், மடிக்கணினியுடன் மிக்ஸர், மைக், ஒலிபெருக்கி, வெளி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை இணைப்பது குறித்து வெளியான குறிப்புகளைப் படித்தோம். ஒலிப்பதிவையும் ஒலியமைப்பையும் தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். குறிப்புகளில் பல சரியானவை. ஒன்று ஆபத்தானது. இன்னும் இரண்டு, சொன்னபடி செய்தாலும் பயன் தராதவை. ஆபத்தானதிலிருந்து தொடங்குகிறோம்.

ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் ஹம் வந்தால், மடிக்கணினி சார்ஜரின் எர்த் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடலாம் என்கிறது அந்தக் குறிப்பு. சுற்றினால் சத்தம் நிற்கும், அதை மறுக்கவில்லை. நிற்பதால்தான் இந்தப் பழக்கம் ஒழியாமல் இருக்கிறது. ஆனால் சார்ஜருக்குள் இன்சுலேஷன் பழுதாகி மின்சாரம் கசியும் நாளில், அது தரைக்கு இறங்க இருந்த பாதுகாப்பான வழியை நாமே அடைத்திருப்போம். பிறகு அது தேடிப் போவது மடிக்கணினியின் உலோக உடல், ஆடியோ கேபிளின் உறை, மைக்கைப் பிடித்திருக்கும் கை.

ஹம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் டேப்புக்கு வேலையே இல்லை. மூன்று முனைச் சார்ஜர் வழியாக மடிக்கணினிக்கு ஓர் எர்த். மிக்ஸருக்கோ ஆம்பிளிஃபயருக்கோ வேறு சாக்கெட் வழியாக இன்னோர் எர்த். இரண்டையும் ஆடியோ கேபிளின் உறைக்கம்பி இணைக்கும்போது ஒரு வளையம் பூர்த்தியாகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே இருக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடு அந்த வளையத்தில் மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. அதுதான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அடிநாதமாகவும், அதன் மடங்குகளாகவும் கேட்கிறது. மவுஸை நகர்த்தும்போதோ ஹார்ட் டிஸ்க் எழுதும்போதோ ‘கீ...’ என்று மெல்லிய கீச்சொலி மாறி மாறி வந்தால், அதுவும் இதே வளையம் சுமந்து வரும் கணினியின் உள் இரைச்சல்தான்.

சோதிப்பது எளிது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் எர்த் வளையம். மறையாவிட்டால் கேபிள், கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு), அல்லது மடிக்கணினியின் ஹெட்ஃபோன் வெளியீடு ஆகியவற்றில் தேட வேண்டும். வளையம்தான் என்றால் முதலில் எல்லாச் சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் இருந்து இயக்குங்கள். பல நேரங்களில் இதுவே போதும். போதாவிட்டால் மடிக்கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையைக் கைவிட்டு, பேலன்ஸ்டு வெளியீடு (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலைக் கழிக்கும் முறை) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (யுஎஸ்பியில் இணைத்து ஒலியைக் கணினிக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லும் பெட்டி) வழியாக மிக்ஸருக்குப் போங்கள். அதுவும் இல்லாதபோது, ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (சாதாரண ஒலி வெளியீட்டைப் பேலன்ஸ்டாக மாற்றும் சிறு பெட்டி) அல்லது, கம்பித் தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை ஆடியோ வழியில் நுழைக்கலாம். டிஐ பாக்ஸில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தான் துண்டிப்பது ஆடியோ கேபிளின் உறையை. மின் இணைப்பின் எர்த் அப்படியே இருக்கும். பெயர் ஒன்றுபோலத் தோன்றுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

யுஎஸ்பி வழியிலேயே எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர்களும் கிடைக்கின்றன. விலை குறைந்தவை பெரும்பாலும் விநாடிக்கு 12 மெகாபிட் வரைதான் கடத்தும். அதற்கு மேல் தேவைப்படும் இன்டர்ஃபேஸ் அதன் வழியே வேலை செய்யாது. வாங்கும் முன் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இரண்டு முனைச் சார்ஜர்களுக்கு வேறொரு குணம் உண்டு. எர்த் இல்லாததால், உள்ளே இருக்கும் இரைச்சல் தடுக்கும் கெபாசிட்டர் வழியாக மடிக்கணினியின் உலோக உடலுக்கு மிகச் சிறிய கசிவு வரும். விரலில் லேசாகக் கூசும். அந்த நிலையில் ஆடியோ பிளக்கைச் செருகினால் ஒலிபெருக்கியில் ‘டமார்’. எனவே மிக்ஸரின் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானை) இறக்கிவைத்து, ஆடியோ கேபிளை முதலில் செருகி, சார்ஜரைப் பிறகு செருகுங்கள். ஆம்பிளிஃபயர் உள்ளேயே அமைந்த பவர் ஒலிபெருக்கியை ஆன் செய்வது எப்போதும் கடைசியில், ஆஃப் செய்வது முதலில்.

இனி, பயன் தராத இரண்டு யோசனைகள். ‘ஆடியோ இன்டர்ஃபேஸை மடிக்கணினியில் இருப்பதிலேயே வேகமான போர்ட்டில் செருகுங்கள்’ என்பது முதலாவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட்), இரண்டு சேனல் என்றால் விநாடிக்கு 2.3 மெகாபிட். 16 சேனல் என்றாலும் 18.4 மெகாபிட். 2000-ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0 போர்ட்டே 480 மெகாபிட் தாங்கும். அதனால்தான் இன்றும் ஏராளமான ஆடியோ இன்டர்ஃபேஸ்கள், டைப்-சி துளை வைத்திருந்தாலும், உள்ளே யுஎஸ்பி 2.0 ஆகவே இருக்கின்றன. வேகமான போர்ட்டில் செருகினால் அவை வேகமாகிவிடாது.

ஒலிக்குத் தேவை வேகம் அல்ல, நேரம் தவறாமை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் தரவில் ஒரு பொட்டலம் கெட்டால் கணினி அதை மறுபடி அனுப்பும். கோப்பு ஒரு நொடி தாமதமாக முடியும், அவ்வளவுதான். ஒலித்தரவுக்கு யுஎஸ்பி விதியில் மறுபடி அனுப்பும் ஏற்பாடே கிடையாது. அதற்கென இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படும். அந்த நேரத்தில் வந்தால் வந்தது, தவறினால் ‘டிக்’ என்று ஒரு சத்தமாகப் பதிவில் நின்றுவிடும். டிஸ்க் காத்திருக்கும், ஒலி காத்திருக்காது. மடிக்கணினியில் எதை எங்கே செருகுவது என்ற கேள்விக்கு இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி விடை தானே வந்துவிடும்.

இரண்டாவது யோசனை, ‘ஒரு ஹப் வாங்கி எல்லாவற்றையும் அதில் செருகிவிடுங்கள்’. ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் தரவு நெரிசல் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது சிறிய பிரச்சினை. யுஎஸ்பி 3 ஹப் ஒன்றின் உள்ளே இரண்டு ஹப்கள் இருக்கின்றன: பழைய 2.0 கம்பிகளுக்கு ஒன்று, புதிய வேகக் கம்பிகளுக்கு ஒன்று. 2.0 இன்டர்ஃபேஸும் 3.0 டிஸ்கும் ஒரே ஹப்பில் இருந்தாலும் தனித்தனிக் கம்பிகளில்தான் பயணிக்கின்றன. பிரச்சினை மின்சாரத்தில் இருக்கிறது.

யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். தனி அடாப்டர் இல்லாத ஹப், இந்த ஒரு போர்ட்டின் பங்கைத்தான் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை இழுக்கலாம். பக்கத்திலேயே ஓர் இன்டர்ஃபேஸ், அதில், இயங்க மின்சாரம் தேவைப்படும் இரண்டு கண்டென்சர் மைக்குகளுக்கு மைக் கேபிள் வழியே செல்லும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம். மைக் ஒன்றுக்கு உச்சமாக 10 மில்லி ஆம்பியர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1 வாட், 5 வோல்ட்டை 48 ஆக உயர்த்துவதில் போகும் இழப்பு தனி. டிஸ்க் சுழலும் கணத்தில் மின்னழுத்தம் சரிகிறது, இன்டர்ஃபேஸ் ஒரு நொடி அணைந்து எழுகிறது, பதிவு நின்றுவிடுகிறது. டிஸ்க் எப்போது சுழலத் தொடங்கும்? பத்து இருபது நிமிடம் சும்மா இருந்து உறங்கிய பிறகு. அதனால்தான் சோதனையின்போது எல்லாம் சரியாக இருந்து, நிகழ்ச்சியின் நடுவில் இது நடக்கிறது.

ஆகவே இன்டர்ஃபேஸை மடிக்கணினியில் நேரடியாகச் செருகுங்கள்; டிஸ்கை வேறு போர்ட்டில், முடிந்தால் எதிர்ப் பக்கப் போர்ட்டில் செருகுங்கள். ஹப் தவிர்க்க முடியாது என்றால் தனி அடாப்டர் உள்ள ஹப். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தேவை, அதன் அடாப்டர் இல்லாமல் அது பொதுவாக எந்தப் போர்ட்டிலும் ஓடாது. டிஸ்கில் இருந்து ‘டக், டக்’ என்று சீரான சத்தம் வந்து கணினியில் தெரியாமலும் போனால், டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போதாமலும் அதே சத்தம் வரும்.

சார்ஜ் செய்தபடியே வேலை செய்ய உதவும் டைப்-சி ஹப்களில் ஒரு கோளாறு அதிகம் பேசப்படுவதில்லை. சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஹப்பும் மடிக்கணினியும் மின்சாரப் பங்கீட்டை மறுபடி பேசி முடிக்கின்றன. அந்தக் கணத்தில் பல ஹப்கள் தங்களிடம் உள்ள எல்லாச் சாதனங்களையும் ஒருமுறை விட்டுப் பிடிக்கும். டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அங்கேயே உடையும். சார்ஜரை முதலிலேயே செருகுங்கள், பதிவு முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

12 மெகாபிட் வேகத்தில் ஓடும் பழைய இன்டர்ஃபேஸ்கள், எளிய யுஎஸ்பி மைக்குகள், இசைக்குறிப்புகளைக் கணினிக்கு அனுப்பும் மிடி கீபோர்டுகள் ஆகியவற்றை ஒரே மலிவு ஹப்பில் அடுக்கும்போது மட்டும் நெரிசல் நிஜம். அத்தகைய ஹப்களில் வேகம் மாற்றும் சுற்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மெதுவான சாதனங்கள் எல்லாம் அந்த 12 மெகாபிட்டையே பங்கு போட்டுக்கொள்ளும்.

அடுத்து டிஸ்க். ஒலிப்பதிவுக்கு அதிவேக எஸ்எஸ்டி வேண்டும் என்பது மிகை. 16 தடங்களை ஒரே நேரத்தில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எழுதினாலும் விநாடிக்கு 2.3 மெகாபைட்தான், ஒரு மணி நேரத்துக்கு 8.3 ஜிகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்கே இதைப் போல முப்பது நாற்பது மடங்கு எழுதும். எஸ்எஸ்டியின் நன்மை வேறு: சுழலும் பாகம் இல்லை, சுழலத் தொடங்கும்போது வரும் கூடுதல் மின்னிழுப்பு இல்லை, மைக் அருகே விர்ரென்ற சத்தமும் இல்லை.

டிஸ்கில் பதிவைக் கெடுப்பவை பெரும்பாலும் அமைப்புகள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஹார்ட் டிஸ்கை அணைக்கும் நேரத்தை ‘நெவர்’ என்று மாற்றுங்கள். ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ அமைப்பை அணையுங்கள். அது கண்ணில் படாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ‘யுஎஸ்பி ரூட் ஹப்’பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். மேக்கில் ஹார்ட் டிஸ்கை உறங்க வைக்கும் தேர்வை நிறுத்த வேண்டும். விண்டோஸில் டிஸ்கின் எழுத்து (D:, E: போன்றது) போர்ட் மாறினால் மாறக்கூடும், அப்போது எடிட்டிங் மென்பொருள் ‘கோப்புகளைக் காணோம்’ என்று கைவிரிக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், வேறெதுவும் பிடிக்காத, அகரவரிசையின் பின்பாதி எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபார்மட் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) விஷயத்தில் ஒரு பொறி. ஃபேட்32 டிஸ்கில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். ஆனால் சாதாரண வேவ் (.wav) கோப்புக்கே, அதன் அளவைக் குறிக்கும் தலைப்பில் 4 ஜிகாபைட் வரம்பு உண்டு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் 4 மணி 8 நிமிடத்தில் அந்த எல்லை வரும். எட்டு சேனல்களை ஒரே கோப்பில் எழுதினால் 1 மணி 2 நிமிடத்திலேயே வந்துவிடும். நீண்ட கச்சேரி, கருத்தரங்கு பதிவு செய்பவர்கள் இந்த வரம்பு இல்லாத ஆர்எஃப்64 வடிவத்தையோ, தடத்துக்கு ஒரு கோப்பு என்ற முறையையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

எக்ஸ்ஃபேட் விண்டோஸிலும் மேக்கிலும் எழுதக்கூடியது என்பதால் பலரும் அதையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் எழுதும் நடுவில் கேபிள் கழன்றால் தன்னை மீட்டுக்கொள்ளும் பதிவேடு அதில் கிடையாது. டிஸ்க் ஒரே வகைக் கணினியில்தான் புழங்கும் என்றால் விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்குக்கு ஏபிஎஃப்எஸ் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மேக், என்டிஎஃப்எஸ் டிஸ்கைப் படிக்கும், தானாக எழுதாது. 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து வெளி டிஸ்குகளுக்கு ‘விரைவாகக் கழற்றும்’ முறைதான் இயல்பு. அதை நம்பி ‘இஜெக்ட்’ செய்யாமல் பிடுங்குவது வேண்டாம். பின்னணியில் ஏதாவது மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசி சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை 2.0 கம்பிகள் மட்டுமே கொண்டவை. அதில் எஸ்எஸ்டியை இணைத்துவிட்டு வேகம் இல்லை என்று குறைபட்டுப் பயனில்லை. பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது வேகம் விநாடிக்கு 40 மெகாபைட் அருகிலேயே முட்டி நின்றால், இணைப்பு 2.0-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். பழைய செவ்வகப் பிளக்கை மெதுவாகத் தயங்கித் தயங்கிச் செருகினாலும், முன்வரிசைப் பழைய முனைகள் முதலில் தொட்டு, 2.0 ஆகவே இணைந்துவிடுவது உண்டு. கழற்றி ஒரே மூச்சில் செருகினால் சரியாகும். டிஸ்குக்கு உதவாது என்று ஒதுக்கிய அந்தக் கைப்பேசிக் கேபிள் 2.0 இன்டர்ஃபேஸுக்குத் தாராளமாகப் போதும். 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 3.0-க்கு 3 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தூரம் வேண்டுமென்றால் பேலன்ஸ்டு ஆடியோ கேபிளை நீட்டுங்கள், யுஎஸ்பியை நீட்டாதீர்கள்.

யுஎஸ்பி 3 டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உமிழும். வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவரும் புளூடூத் ஹெட்ஃபோனும் அதே வரிசையில்தான் பேசுகின்றன. டிஸ்கைச் செருகியதும் மவுஸ் திக்கினால் மவுஸ் மீது பழி போட வேண்டாம். ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வையுங்கள்.

3.5 மில்லிமீட்டர் துளையில் நடக்கும் தவறுகள் தனி ரகம். பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது நான்கு இணைப்பு கொண்ட, மைக்கும் ஹெட்ஃபோனும் சேர்ந்த வகை. இரண்டு வளையம் என்றால் மூன்று இணைப்பு. இப்போதைய மடிக்கணினிகளில் உள்ள ஒற்றைத் துளை நான்கு இணைப்பை எதிர்பார்க்கிறது. மூன்று இணைப்பு மைக்கை அதில் நேரடியாகச் செருகினால், மைக் வர வேண்டிய முனை கிரவுண்டோடு ஒட்டிவிடும். கணினி அதை ஹெட்ஃபோன் என்று நினைத்துக்கொள்ளும். மைக்கையும் ஹெட்ஃபோனையும் பிரிக்கும் அடாப்டர் தேவை. மிக்ஸரின் லைன் வெளியீட்டை (ஏற்கெனவே பெருக்கிய ஒலியை) அந்த மைக் வழியில் கொடுப்பதும் வேண்டாம். தொழில்முறை லைன் அளவு 1.23 வோல்ட், மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். கெயினை எவ்வளவு குறைத்தாலும் ஒலி உடைந்தே வரும். சிக்னலின் அளவைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டனுவேட்டர் இடையில் வைக்கலாம், லைன் உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ் அதைவிட மேல்.

எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் இணைப்பு) ஒன்றிலிருந்து ஸ்டீரியோ பிளக்குக்குப் போகும் ஆயத்தக் கேபிள்களில் சில விபரீதமானவை. பேலன்ஸ்டு சிக்னலின் நேர்ப்பாதி இடது காதுக்கும் தலைகீழ்ப்பாதி வலது காதுக்கும் போகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் ஏதோ அகலமாக, நன்றாகக்கூட இருக்கும். அதே பதிவைக் கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, குரலே மறைந்துவிடும். பதிவுக்கு முன் மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பதிவென்றால் ஒரு சேனலை மட்டும் எடுத்து இரண்டிலும் நகலெடுத்தால் தப்பிக்கலாம்.

மென்பொருள் பக்கம் சுருக்கமாக. இன்டர்ஃபேஸிலும் மென்பொருளிலும் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்) ஒன்றாக இருக்கட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று எண்ணி ஓட்டினால் 8.8 சதவீதம் வேகமாகும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். இரண்டு யுஎஸ்பி மைக்குகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் இரண்டின் கடிகாரமும் மெல்ல விலகும். மேக்கில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் ‘அக்ரிகேட் டிவைஸ்’ அமைத்து, விலகலைத் திருத்தும் ‘டிரிஃப்ட் கரெக்ஷன்’ போடலாம். விண்டோஸில் இரண்டு உள்ளீடு கொண்ட ஒரே இன்டர்ஃபேஸ்தான் நிம்மதி. பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி, 256 சாம்பிள் என்றால் தாமதம் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லி விநாடி, 512 என்றால் 10.7. பாடுபவர் தன் குரலைக் கணினி வழியாகக் கேட்டபடி பாடும்போது 128-க்கு இறக்குங்கள். பேச்சை மட்டும் பதிவதானால் 1024 வைத்துவிட்டு, கணினிக்குப் போகாமலே ஒலியைக் காதுக்குத் தரும், இன்டர்ஃபேஸில் உள்ள ‘டைரக்ட் மானிட்டர்’ வழியாகக் கேளுங்கள். அப்போது ‘டிக்’ சத்தத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

தங்கள் பக்கத்தில் மடிக்கணினிகளை அறிமுகம் செய்யும்போது யுஎஸ்பி பதிப்பு எண்ணை மட்டும் அச்சிடுவதைத் தவிர்க்கலாம். 2008-இல் 3.0 என்று வந்த அதே 5 ஜிகாபிட் இணைப்பு, பிறகு 3.1 ஜென் 1 ஆகி, அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 ஆகியிருக்கிறது. எத்தனை ஜிகாபிட், எந்தப் பக்கம் எத்தனை போர்ட், சார்ஜர் எந்தத் துளையைப் பிடித்துக்கொள்கிறது ஆகிய மூன்றும் இருந்தால் வாங்குபவருக்கு உதவும்.

எர்த் முனை பற்றிய திருத்தத்தை மட்டுமாவது, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் தொழில்நுட்பர்கள் சிலர்